மறுவாசிப்பு

விடியப்புறம் மூன்று நாற்பது.
பாசையூர்க் கரையில் முதல் வள்ளம் வந்தாயிற்று.
நான் நாவலர் வீதியில், மேல்மாடியில்,
விசிறி இழுக்கிற ஈரக்காற்றில்
கறுப்புத் திரைக்கு முன்னால்.

நேற்று நாலு தராசும் ஒன்றாகத் தொங்கிப்போயின.
கூறி முடித்த விலையை எழுத வழியில்லாமல்
கணவாய்க் கூடைகள் வெயிலேறும்வரை கிடந்தன.
வரிசைப்படுத்த நினைவகம் போதவில்லை சேர்வருக்கு.
சங்கச் செயலாளர் யோவான்பிள்ளைக்கு ஒரே நிபந்தனை:
"என்னவும் செய்யுங்கோ பிள்ளை,
நிப்பாட்டிப் போடாதேங்கோ."

கோப்பில் ஒரு எண்.
நாலு, முப்பத்திரண்டாகிறது.
பிறகு 'திரும்ப வாசி' என்று ஒரு சமிக்ஞை.
அதற்கு வைத்த பேரோ 'லைன் அறுந்தது'.
தொலைபேசிக் கம்பிக் காலத்துப் பேராம்.
லைன் அறுந்தால் அடுத்தது என்னவென்று
இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.
இங்கே ஆனால் ஒருவரும் விழுவதில்லை.

ஒன்றும் மாறவில்லை.
பதிவைத் திறந்தேன்:
நாற்பத்தேழாம் வரியில் மேற்கோள்குறி ஒன்று
மூடாமல் கிடக்கிறது.
என்ர கைதான்.
வாசித்திருக்கிறது, பிடிக்கவில்லை,
கோப்பை ஒதுக்கிவிட்டுப்
பழைய எண்ணோடு வேலையைப் பார்த்திருக்கிறது.

அணைத்து எழுப்பியிருந்தால்
எழும்பியே இராது.
நாலு தராசும், ஐஸ் லொறியும், யோவான்பிள்ளையும்
ஒற்றைக் குறிக்காக நின்றிருப்பார்கள்.
பின்கழுத்து வியர்த்தது.
மூடினேன். திரும்ப வாசி.

வாசித்தது.
பாதியில் ஓடுகிற கேள்வியை அது உலுக்கவில்லை,
பழைய கணக்கிலேயே முடியவிட்டது.
ஒரு கூடை கூறி முடிந்து
அடுத்தது தராசில் ஏறுமுன் வருகிற மூச்சில்
புதிய எண்.

கரையிலிருந்து டிலக்சன் எடுத்தான்.
பின்னால் கூறுகிற குரல், ஒரு நாய், ஐஸ் உடைபடும் சத்தம்.
"அக்கா, எப்ப தொடங்கப் போறியள்?"
"முடிஞ்சுது."
"ஓ," என்றான். பிறகு வேறு யாருக்கோ,
"சூடை, நூற்றிப் பதினெட்டு."

இன்னொரு எண்ணும் மாற்றியிருக்கிறேன், பெரியது.
எழுதியாயிற்று, ஏற்றும் கொண்டது,
விழுந்து எழும்பினால்தான் பலிக்கிற சாதி.
பட்டியலில் அதன் பக்கத்தில்
'மறுதொடக்கத்துக்குக் காத்திருக்கிறது: ஆம்.'

ஞாயிறு வள்ளங்கள் கரையில் கிடக்கும்.
பூசை மணிக்கும் முதற் பாட்டுக்கும் நடுவில்
அரை நிமிசம் எனக்குப் போதும்.
அதுவரை அது பழைய எண்ணோடு நடமாடட்டும்.
தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன்.
கேத்தல் கத்தியபோதும்
திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.