ஒருங்கிய நிரல்

புளியடிமடுக் குளத்தின் துருசுக் கதவில்
திருகாணி ஒன்று கழன்றுவிட்டது.
என் கட்டைவிரல் அளவு.

குளம் மாகாணத்தினது.
குளத்துக்குள் விழும் ஆறு
மலைப்பக்கம் வேறு மாகாணத்தில் பிறப்பதால்
மத்தியினது.
பின்னால் நிற்கும் காடும் அவர்களுடையது,
காட்டால் இறங்கி வரும் யானையும்.
யானை எந்த நிரலையும் வாசிப்பதில்லை;
போன கிழமை எங்கள் எல்லைக்கல்லில்
முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது.

திருகாணி யாருடையது?

கடிதம் எழுதினேன்.
திருகோணமலையில் அமைச்சர் இல்லை, கதிரை இருக்கிறது.
சபை கலைந்து எத்தனை வருசம் என்று கேட்டால்
வாசல் காவலாளி ஒரு கை விரல்களை எண்ணி முடித்து
மற்றக் கையையும் எடுக்கிறான்.
ஆளுநர் பணிமனைக்குப் போய்
அங்கிருந்து கொழும்புக்குப் போய்
சிங்களத்தில் பதில் வந்தது.
மொழிபெயர்ப்பாளர் பிரசவ லீவில்.
பக்கத்து மேசைச் சமன்மலி வாசித்துச் சொன்னாள்:
"உரிய அதிகாரிக்கு அனுப்பவும்."
உரிய அதிகாரி என்ற இடத்தில்
என் பதவிப் பெயர்.

வட்டவிதானை கணவதிப்பிள்ளை
அணைக்கட்டில் குந்தியிருந்து சொன்னார்:
"மிஸ், உங்கட சட்டம் எனக்கு விளங்காது கா.
வட்டைக்குள்ள தண்ணி நிக்கிதா இல்லயா,
அது விளங்கும். மறுகா எல்லாம் உங்கட பாடு."

ஒருங்கிய நிரல் என்று ஒன்று இருக்கிறது.
ஒரே கயிற்றில் இரண்டு கை.
எந்தக் கை வலுத்தது என்று
கயிற்றிடம் கேட்டால் சொல்லும்.

குருமண்வெளித் துறையில்
பாதையில் மோட்டார்சைக்கிளை ஏற்றி
கல்முனைக்குப் போனேன்.
உதுமாலெவ்வையின் இரும்புக்கடையில்
முந்நூற்றெண்பது ரூபா.
"பில் ஆர்ர பேருல?"
நான் யோசித்தேன்.
அவரும் பேனையைப் பிடித்தபடி நின்றார்.
பின்னால் ஒருவர் பெயின்ற் வாளியோடு இருமினார்.
பெயர்க் கோட்டை வெறுமையாக விட்டுக்
கிழித்துத் தந்தார்.

அன்று பின்னேரமே பூட்டினோம்.
கணவதிப்பிள்ளை குறட்டைப் பிடித்தார்,
நான் இடுப்பளவு தண்ணீரில்.

இப்போது மேசையில் கணக்காய்வு ஐயவினா:
அனுமதியற்ற திருத்தம்.
எந்த நிரலின் கீழ், எந்த வாக்குப்பணத்தில்?
பதினான்கு நாளுக்குள் விளக்கம் தருக.

இன்று பன்னிரண்டாம் நாள்.
"ஐயா" என்று தொடங்கியிருக்கிறேன்.

கதவு ஏறுகிறது, இறங்குகிறது,
கொஞ்சம் கிறீச்சிட்டு.
வேளாண்மை குடலைப் பருவத்தில் நிற்கிறது.