வந்த கொழுப்பு

அனுப்பிய அட்டவணை கிணத்துக்கடவில் நிரப்பியது.
வந்த அட்டவணை இங்கே, மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்,
நான் நிரப்புவது.
இரண்டிலும் தேதி, இரண்டிலும் டேங்கர் எண்,
இரண்டிலும் கொழுப்பு.

டேங்கர் எண்ணிலும் தேதியிலும் கோத்து
ஒரு நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் கேட்டேன்.
கொடுத்தது. முகம்கூடச் சுளிக்கவில்லை.
கொழுப்பு, நாலு கட்டம் தள்ளி
இன்னொரு கொழுப்பு.

அறிக்கை எழுதும் நிரலோ பெயர் சொல்லித்தான் கூப்பிடும்.
ஒரு பெயருக்கு ஒரு நாற்காலிதான் அதனிடம்.
பின்னால் வந்தவன் முன்னவன் மடியிலேயே
உட்கார்ந்துவிட்டான்.
கொழுப்பிலிருந்து கொழுப்பைக் கழித்தேன்
ஏழு மாதம்.
வித்தியாசம் பூஜ்யம்.
சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர்)
பாராட்டிக் கடிதம்கூட வந்தது.

மாதச் சராசரி வேண்டுமென்றார்கள்.
அதே கேள்வியை அடைப்புக்குறிக்குள் தள்ளி
மேலே இன்னொரு கேள்வியை ஏற்றினேன்.
மாட்டேன் என்றது.
கொழுப்பு இரண்டு தடவை வருகிறதாம், சிவப்பு எழுத்தில்.
வாசலில் கண்டுகொள்ளாமல் விட்டதை
உள்ளறையில் பிடித்துக்கொண்டது.

"உனக்குத்தாண்டா கொழுப்பு" என்றேன் திரையிடம்.

அப்புறம் உட்கார்ந்து பெயர் வைத்தேன்.
ஊரில் ரெண்டு ஆறுச்சாமி இருந்தால்
மேட்டுக்காட்டு ஆறுச்சாமி, சோடாக்கடை ஆறுச்சாமி என்போமே
அது மாதிரி:
அனுப்பிய_கொழுப்பு.
வந்த_கொழுப்பு.
தேதி இரு பக்கமும் ஒன்றுதான், ஒன்றை விட்டுவிட்டேன்.

ஓடியது.
நான்கு புள்ளி மூன்று.
மூன்று புள்ளி ஆறு.
செவ்வாய்க்குச் செவ்வாய், ஒரே டேங்கர்.

தாளை ஷைலஜாவிடம் நீட்டினேன்.
லாக்டோமீட்டரைத் துடைத்துக்கொண்டே
"வெள்ளம்" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டேன்.
ஒன்பது வருஷமாச்சு இந்த எல்லைக்கு வந்து,
இன்னும் அந்தச் சொல்லுக்கு
முதலில் கரை உடைவது எனக்குத்தான்.
அவளுக்கு அது குடத்தில் இருப்பது,
மத்தியானம் குடித்தது,
பாலில் சேர்ந்தது.
அட்டவணைப் பெயரும் ஒரு புள்ளியும் முன்னால் வைத்து
யாரும் பேசுவதில்லை.

நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது.
ஒரு பெயர் இருக்கிறது அதில்.
ஓட்டுநர் பட்டியலிலும் தலைப்பு 'பெயர்'தான்,
உரிமையாளர் பட்டியலிலும்.
டேங்கர் விடியக்காலை நாலரைக்கு வரும்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
மறுபடி திரையைத் திறக்கிறேன்.