காலியாக இல்லை

ஷுவைக் துறைமுகத்தின் பின்பக்கம்.
கீழே மீன் கிடங்கு, மைனஸ் பதினெட்டு.
வெளியே நாற்பத்தொன்பது.
நடுவில் நானும் ஒரு சர்வரும்.

புது எச்சரிக்கை மென்பொருள் வந்து இருபத்தாறு நாள்.
இருபத்தாறு இரவும் எழுப்பிவிட்டது:
மூன்றாம் அறை, மூன்றாம் அறை.
முதல் மூன்று இரவு மாங்காஃபிலிருந்து டாக்சியில் ஓடிவந்தேன்.
இறால் பெட்டிகள் கல்லாகத்தான் கிடந்தன.
பிறகு ஓடிவரவில்லை,
தூங்கவும் இல்லை.

பழையதை நீக்கியாயிற்று என்றார்கள்.
இன்று பட்டியலை எடுத்துப் பார்க்கிறேன்.
அதன் பெயருக்கு முன்னால் இரண்டு சின்ன எழுத்து;
அர்த்தம் இவ்வளவுதான்:
ஆள் போயாச்சு, சொல்லிவைத்தது இருக்கு.

நீக்கு என்றால் நீக்காது இது.
துடைத்துப்போடு என்று
தனியாகச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்குமுன் திறந்தேன்.
எண்களுக்கு நடுவே
இயந்திரம் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி:
'மூணாம் ரூம் சென்சார கதவுகிட்ட மாட்டிட்டாங்க.
ரெண்டு டிகிரி கூட்டிச் சொல்லும்.
பயப்படாதீங்க. சதக்.'

சதக்கத்துல்லாவை நான் பார்த்ததில்லை.
விசா ரத்தான வாரமே காயல்பட்டினம் போய்விட்டாராம்.
அவர் உட்கார்ந்த நாற்காலி இது.
நெம்புகோல் உடைந்த உயரத்தில் நிற்கிறது,
எனக்குக் கால் எட்டாது.

புதியதில் இரண்டு டிகிரியைக் கழித்தேன்.
பிறகு அந்தக் கட்டளை.
உறுதியா என்றது. ஆமாம் என்றேன்.
ஓடி முடித்து, கடைசியாக,
கொஞ்சம் தயங்கினாற்போல் ஒரு வரி:
கோப்புறை காலியாக இல்லை,
ஆகவே நீக்கப்படவில்லை.

எந்தப் பொதியும் தன்னுடையதென்று சொல்லாத கோப்பு
ஒன்றே ஒன்று. கையால் வைத்தது.
'டீ. ரொகிபுல். 750 ஃபில்ஸ்.'

இறங்கிப் போனேன்.
லாரி மேடையில் பிளாஸ்க்கோடு நின்றவனிடம்
காசை நீட்டினேன்.
அவன் ஈரமான நோட்டைப் புரட்டி
இல்லை என்று தலையாட்டினான்.
போகிற அன்று ஒரு தினார் கொடுத்துவிட்டார்;
கால் தினார் நான்தான் தரணும்,
அவர் நிற்கவில்லை, வண்டி வந்துவிட்டது
என்று இந்தியும் வங்காளமுமாகச் சொல்லி
ஒரு டீ ஊற்றி என் கையில் வைத்தான்.
அந்தக் கணக்கில்.

மேலே வந்து கோப்பைத் திறந்து
750-ஐ அடித்தேன்.
'ரொகிபுல் தர வேண்டியது 150'
என்று எழுதி, மூடினேன்.

அன்றிரவு எதுவும் எழுப்பவில்லை.
இரண்டு பத்துக்கு நானாகவே விழித்து
போனைப் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.