நூற்று எண்பத்தெட்டாம் புள்ளி

திங்கட்கிழமை கேட்டா நகரம்
நைஜீரியாவுக்குப் போயிருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் தேவாலயமும்
மீன் உலர்த்தும் களமும்
ஜலிங்கோ பக்கம், கடலையே பார்த்திராத புல்வெளியில்,
வண்டி மாறி ஏறிவிட்டவர்கள் போல
கும்பலாக நின்றன.

ஹோவில் எங்கள் அலுவலக மின்விசிறி
ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும்.
அது திரும்பாத பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன்:
பழைய தாளில் இருந்தவை அடிகள்.
மென்பொருள் மீட்டர் என்று நினைத்துக்கொண்டது.
அதுவும் கடையில் விற்கும் அடி இல்லை,
கானாவுக்கு வேறு பெயர் இருந்தபோது
அளக்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன
தங்கக் கரை அடி.
நம் அடியைவிட மயிரிழை குட்டை.
ஆண்டவர்கள் கப்பலேறிப் போயாயிற்று.
அவர்கள் பாதத்தின் நீளம் மட்டும்
ஒரு பட்டியலில், பத்தாவது திரைக்குக் கீழே,
யாராவது சொடுக்கட்டும் என்று கிடக்கிறது.

சொடுக்கினேன்.
வீடுகள் கிளம்பி வந்தன,
கரையேறவில்லை.
தெற்கே முந்நூறு மீட்டர் தள்ளி
தண்ணீருக்குள் தெருத்தெருவாக நின்றன.

"டேட்டம்," என்றார் செனானு,
கென்கே உருண்டையின் தோலைப் பிரித்தபடி.
பூமி முட்டைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்,
எவ்வளவு முட்டை என்பதில்தான்
ஆளுக்கொரு கணக்கு.
அவர்கள் முட்டைக்கும் நம் முட்டைக்கும் நடுவே
முந்நூறு மீட்டர்.
உதவுகிறேன் பேர்வழி என்று அவரே மாற்றினார்,
பாகைகளாக்கிக் கோப்பை அனுப்பினார்.
திறந்தால்
சாவோ தோமே தீவுக்கு வடமேற்கே, நடுக்கடலில்,
தேவாலயத்தோடு மொத்த ஊரும்.
தீர்க்கரேகையின் நாற்காலியில்
அட்சரேகையை உட்காரவைத்திருந்தார்.
நான் சிரிக்கவில்லை.
போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தை
அதே பக்கம் அனுப்பியவள் நான்.

வியாழன் மாலை எல்லாம் பொருந்தியது.
செயற்கைக்கோள் படத்தின் கூரைமேல்
தாளின் கூரை, தையல் தெரியாமல்.
கோட்டை மதிலுக்கு மேல் கோட்டை மதில்.
முப்பத்தொரு வீடுகள் மட்டும்
கடலை விட்டு வர மறுத்தன.

மறுபடி அடி. மறுபடி டேட்டம்.
எல்லாப் புள்ளியும் நகர்ந்து அதே இடத்துக்கு வந்தது.
சிவப்பு எழுத்தில் திரை சொன்னது:
நிலத்துக்கு வெளியே 31.
புறக்கணிக்கவா? ஆம், இல்லை.
செனானு "ஆம்" என்றார், மணி ஐந்தாகியிருந்தது.

சனிக்கிழமை ட்ரோட்ரோ பிடித்தேன்,
மடியில் ஜிபிஎஸ், பக்கத்து இருக்கையில் யாருடைய கோழியோ.
கேட்டா கரையில் நின்று
நூற்று எண்பத்தெட்டாம் புள்ளியைக் கேட்டேன்.
அம்பு அலையைக் காட்டியது.
தொண்ணூறு மீட்டர்.
முழங்கால் நனைய நடந்தேன்.
எண்பத்திரண்டு.

"அது எங்கள் சமையலறை,"
என்றார் படகுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தவர்.
அமெகாஷி என்று பெயர்.
கருவியைப் பார்க்கவே இல்லை,
என் மூக்கு திரும்பியிருந்த திசையைப் பார்த்துச் சொன்னார்.
"இரண்டு சுவர் இன்னும் நிற்கிறது, அடியில்.
புதுப் பையன்கள் அங்கேதான் வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள்."

தாள் ஐம்பத்து நான்காம் வருடத்தது.
படம் போன மார்ச்.
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சூத்திரத்தை
நான்கு நாளாகத் தேடியிருக்கிறேன்.

நஷ்டஈட்டுப் படிவத்தை எடுத்தேன்.
அவர் அதை வாங்கி, மடித்து,
சாயம் ஆறாத பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்.
"பையன்களிடம் போன் இருக்கிறது.
அந்த எண்ணை இங்கே எழுது," என்று
படகின் உள்பக்கத்தைக் காட்டித்
தூரிகையை நீட்டினார்.

இரண்டு எண்கள்.
நீலம் என் கால்மேல் சொட்டச் சொட்ட நின்றேன்,
எதை முதலில் எழுதுவது.