இடது கதவு

அக்டோபர் கடைசியில் கார்ல்ஸ்டாட் சாலைகளில் உப்புத் தூவுவார்கள்.
அதற்கு முந்தின இரவே
என் பச்சை சாப் கொட்டகைக்குள் போய்விடும்.
சக்கரங்கள் தரை தொடாமல் கட்டைமேல் ஏற்றி
பாட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து
சமையலறையில் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன்.
ஐந்து மாதம் அங்கேதான் அதற்கு வாசம்.
உல்ஃப் என்னைவிட்டுப் போனது இதனால் மட்டுமல்ல
என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அறுபத்து நான்காம் வருடத்து வண்டி.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
மூன்று சிலிண்டர். பெட்ரோலில் எண்ணெயை
நாமேதான் அளந்து கலக்க வேண்டும்,
கைக்குழந்தைக்கு மாவுப்பால் கலக்கும் கவனத்தோடு.
சும்மா நிற்கையில் சட்டியில் பொரி வெடிக்கிற சத்தம்.
நீலப் புகைக்குள்ளிருந்து
பின்னால் வருகிறவன் வாயசைப்பது கண்ணாடியில் தெரியும்.
நல்லவேளை, கேட்காது.

துரு முதலில் எங்கே வரும் என்று கேட்டால்
நீங்கள் பார்க்காத இடத்தில் என்பேன்.
திருப்புளிப் பிடியால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும்.
டங் என்றால் இரும்பு.
தொப் என்றால் செலவு.

சங்கத்தில் பதினோரு பேர் இருந்தோம்.
முதல் வியாழன்தோறும் தோர்கல் வீட்டு கராஜில்
காபி, ஏலக்காய் பன், சண்டை.
தொழிற்சாலையில் முடுக்கிய திருகாணியா,
போன வருடம் வாங்கியதா என்ற தகராறில்
ஈவார் இரண்டு வருடம் ரக்னாரின் முகத்தில் விழிக்கவில்லை.
விழிக்காமலே அவன் கார்புரேட்டரைச் சரிசெய்து கொடுத்தான்,
பானட்டுக்குள் தலையை விட்டபடி.

பிப்ரவரியில் பிர்யர் இறந்தார்.
கோடைப் போட்டிகளில் அவர்தான் எங்கள் நடுவர்.
அவருடைய வெள்ளை வண்டிக்கு
மேலே பளபளப்பு, கீழே தரையே இல்லை.
மைக்கன் தொலைபேசியில் சொன்னாள்:
"எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுசாக வேண்டாம்.
முழுசாக யாராவது ஓட்டிப்போனால்
தூரத்தில் பார்த்துக் கை தூக்கிவிடுவேன்."

ஒரு சனிக்கிழமை, ஒன்பது மணி நேரம் பிரித்தோம்.
பிரேதப் பரிசோதனை என்றான் யாரோ.
சிரிப்பு வரவில்லை.
பிறகு தொப்பியில் சீட்டுப் போட்டோம்.
எனக்குக் கியர்பெட்டி வேண்டும்.
துக்க வீட்டில் வளையலை எண்ணுகிற உறவுக்காரிபோல
விரல்கள் தொப்பிக்குள் துழாவின.
வந்தது இடது கதவு.

பச்சை வண்டியில் வெள்ளைக் கதவு.
அதன் பையில் ஒரு குட்டி நோட்டு, பென்சில் எழுத்து:
எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், எங்கே மழை.
நடுவில் ஒரு வரி.
"குன்வோரின் முன் பம்பர் அசல் அல்ல. சொல்ல வேண்டாம்."
பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.
ஒவ்வொரு கோடையிலும்
அந்தப் பம்பருக்கு முழு மதிப்பெண் போட்டவர்.
கொட்டகையில் தனியாக நின்று காது சிவந்தேன்.

ஜூன் போட்டியில் புது நடுவர்
கதவுக்காக ஐந்து மதிப்பெண் குறைத்தார்.
பம்பருக்கும் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
ரக்னார் பன்னைக் கீழே போட்டான்.

மைக்கன் வந்திருந்தாள், மழைக்கோட்டோடு, ஓரமாக.
மற்ற வண்டிகளில் எது அவருடையது என்று கேட்கவில்லை.
என் கதவைத் திறந்தாள், மூடினாள்.
கீல் தேய்ந்த கதவு அது.
அரை விரல் தூக்கி உள்ளே தள்ளினால்தான் பூட்டும்.
எனக்கு அந்த வித்தை பிடிபட இரண்டு மாதம் ஆனது.
அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டே
தூக்கித் தள்ளினாள்.
ஓட்டுநர் பக்கத்துக் கதவை.

இத்தனை வருடம் அவளுக்குக் காபியை மட்டும் நீட்டியிருக்கிறோம்.

சாவியை நீட்டினேன்.
வாங்கவில்லை.
எண்ணெய் என்ன அளவில் கலக்கிறாய் என்றாள்.
சொன்னேன்.
"அதிகம்" என்றாள்.