தகப்பன் பெயர்: புள்ளி

சங்கத்தின் கணக்கில்
இருநூற்றுப் பதினான்கு பேருக்கு
ஒரே தகப்பன்.
அவர் பெயர் புள்ளி.

கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
உட்துறைமுக வீதிக் கட்டடத்தின் மேல்மாடியில்.
மசாஹிராவைக் கேட்டேன்.
‘பெட்டி வெறுமையா இருந்தா சேவ் ஆகாது, மிஸ்.
புள்ளி வச்சா ஆகும்.’
எட்டு வருஷமாக வைக்கிறாள்,
முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல்
சின்ன விரலால்,
சத்தம் வராமல்.

எனக்கு முன் இதை எழுதியவன் றொசாந்தன்,
இப்போது டோஹாவில்.
கெட்டிக்காரன், அவசரக்காரன்.
அங்கத்துவப் போம் ஒன்று எழுதினான். ஓடியது.
ஓடியதைக் கொப்பி பண்ணி
வலைக் கடனுக்கு ஒட்டினான்,
மண்ணெண்ணெய் மானியத்துக்கு ஒட்டினான்,
எஞ்சின் பதிவு, காப்புறுதி, மாரிகால அரிசி,
மரண உதவி.
பதினொரு போம், பதினொரு சேவ் பட்டன்,
ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் நானூறு வரி,
அந்த நானூறுக்குள் எங்கோ ஒன்று:
தந்தை பெயர் வெறுமையெனில் நிறுத்து.

நானும் முதலில் அவசரக்காரிதான்.
கத்தரி எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன்,
பத்தில் வெட்டினேன்,
பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

மறுநாள் சல்லியிலிருந்து புஸ்பமலர் வந்தா.
மகனுக்கு, மரண உதவி.
நான் வெட்டாமல் விட்ட பதினோராவது.
மகனின் தகப்பன் பெயர் கேட்டுப் பெட்டி சிவந்தது.
மசாஹிராவின் விரல் புள்ளிக்குப் போக முன்
திரையில் விழுந்த சொல்லை
அவ எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டா.
பிழை.
‘ஆருடைய பிழை?’ என்றா.
கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டா.

அன்றிரவு பதினொன்றையும் அச்செடுத்து
தரையில் பரப்பி
ஒரே மாதிரி இருந்ததையெல்லாம்
சிவப்புப் பேனையால் கோடிட்டேன்.
விடியும்போது அறையே சிவப்பு.

புதிய கிளாஸ் ஒன்று. பெயர்ப்பெட்டி.
படித்த காலத்தில் சொல்லித் தந்தது மரபுரிமை:
மேலே உள்ளதிடமிருந்து
கீழே உள்ளது எல்லாம் பெறும்,
வேண்டாததையும் பெறும்.
வேண்டாம் என்றேன்.
எந்தப் போமும் இந்தப் பெட்டியின் பிள்ளை இல்லை.
போமுக்குள் பெட்டி இருக்கும்,
வீட்டுக்குள் கதிரை இருப்பது போல.

முன்னெழுத்து இருந்தால் வாங்கும்,
இல்லாவிட்டால் கேட்காது.
முகம்மது லெப்பையை முழுசாக வைக்கும், நறுக்காது.
மஹதிவுல்வெவக்காரரின் நீண்ட ‘கே’ பெயருக்கும்
இடம் விட்டேன்.
எழுதுபவர் படகு வாங்க வந்தாரா
பிணம் எடுக்க வந்தாரா,
அதற்குத் தெரியாது.
தெரியாமலிருப்பதுதான் அதன் ஒழுக்கம்.
கட்டாயமா என்பதை
அழைக்கிறவர் சொல்லட்டும்.
சொல்லாவிட்டால், இல்லை.

நாலாயிரத்து நானூறு வரி
அறுநூற்றுச் சொச்சம் ஆயிற்று.
அச்செடுத்த தாள்களைக் குப்பையில் போட்டேன்.
வீதியில் திரியும் மான்கள் இரண்டு
மானியத்தையும் காப்புறுதியையும் மென்றுகொண்டிருந்தன.
றொசாந்தனுக்குப் படம் அனுப்பினேன்.
சிரித்த முகம் ஒன்று போட்டான்,
பிறகு, வெகுநேரம் கழித்து,
‘பத்து நாள்தான் தந்தாங்க அக்கா’.

மசாஹிரா இன்னும் புள்ளி வைக்கிறாள்.
விரலுக்குப் பழகிவிட்டது.
பெட்டி அதை வாங்கி
ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது.

தலைவர் தேவசகாயம் நேற்று மேலே வந்தார்,
கையில் ரிப்போட்.
‘இதென்ன தங்கச்சி, இடையிடையே ஓட்டை?
ஒரு கோடாவது போடலாமே. பார்க்க வடிவாயிருக்கும்.’

போடலாம்.
முந்தியென்றால் பதினொரு இடம்,
இப்போது ஒரே கிளாஸ், ஒரே வரி,
அரை நிமிஷ வேலை.

‘பார்க்கிறேன் சேர்’ என்றேன்.
பார்த்தேன்.
அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு
வலைக் கடனின் வட்டியைத் திருத்தப் போனேன்.