களவெடுத்த தடி

பதினேழு வருடமாய் மற்றவர் வீட்டு மீற்றர் பார்க்கிறேன்.
கல்லடிப் பாலம் கடந்து நாவற்குடா, ஆரையம்பதி வரைக்கும்
எந்தப் படலை இழுபடும், எந்த நாய் குரைக்காமல் கடிக்கும்,
எல்லாம் பாடம்.
மீற்றர்ப் பெட்டிக்குக் கீழே
அநேகமாய் ஒரு குரோட்டன் நிற்கும்.
ஏனோ தெரியாது.
வேறெதற்கும் உதவாத மூலையென்று
அதனிடம் விட்டிருப்பார்கள்.

கேட்டு வாங்கின தடி பட்டுப்போகும்,
களவெடுத்ததுதான் தழைக்கும் என்பார்கள்.
நான் கேட்டும் வாங்கினேன், கேளாமலும் ஒடித்தேன்.
இரண்டிலும் பிழைத்தது உண்டு, செத்தது உண்டு.
ஒடித்த இடத்தில் வடியும் பால்
சட்டையில் பட்டால் மண்ணிறக் கறை,
எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது.
அதைப் பார்த்தே சயந்தினி கேட்பாள்:
"இண்டைக்கு ஆர்ட வீட்ட?"

எங்கள் மண் கடல் மண்.
ஊற்றின தண்ணி நன்றி சொல்லாமல் இறங்கிப்போகும்.
தும்பும் சாணமும் உமிக்கரியும் கலந்து
அதைக் கொஞ்சம் நின்றுபோகச் சொல்லவேண்டும்.
கச்சான் அடிக்கையில் இலைக்கடியில் சிவப்புச் சிலந்தி;
சவர்க்காரத் தண்ணி, பின்னேரம் மட்டும்.
மாரியில் சாடியைச் செங்கல்லில் ஏற்றாவிட்டால்
வேர் அழுகும், மேலே ஒன்றும் தெரியாது.
நிழலில் வைத்தால் பச்சையாகவே இருந்துவிடும்.
வெயில் சுட்ட பிறகே மஞ்சள்,
மறுகா சிவப்பு,
மறுகா கறுப்பென்றே சொல்லத்தக்க ஒரு சிவப்பு.
கோலியசில் பூ வந்தால் கிள்ளிவிடுவேன்;
பூத்தால் இலை சோர்ந்துபோகும்.
வெள்ளிக்கிழமைகளில் சயந்தினி
பக்கத்து வளவில் செவ்வரத்தை ஆய்ந்துகொண்டு
மாமாங்கேஸ்வரருக்குப் போகிறாள்.
அறுபத்திமூன்று சாடி உள்ள வீட்டிலிருந்து.

எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெயர்தான்.
முறுக்கிலை, பார்த்தலட் மிஸி.
மஞ்சள் புள்ளி, காத்தான்குடி றிபாயா டொக்டர்.
வாள்போல ஒடுங்கின சிவப்பு
புவனலோஜினி.

அவவுக்கு மூன்று மாதம் நிலுவை.
நோட்டீசும் சிவப்பு.
நான் எண்ணை மட்டும் எழுதுகிறவன்;
கம்பத்தில் ஏறி வெட்டினது வேறொருவன்.
அடுத்த மாதம் போனபோது
மீற்றருக்குள் தட்டு சுற்றாமல் நின்றது.
வீடு பூட்டு. குவைத்துக்கு என்றார்கள்,
மகளை வாகரையில் தங்கச்சியிடம் விட்டு.
தண்ணி காணாத குரோட்டன்
இலைகளைச் சுவரோரம் கழற்றி வைத்திருந்தது.
நுனி ஒன்றை ஒடித்துப்
பில் புத்தகத்துக்குள் வைத்தேன்.
அதுவும் வெட்டுத்தான்.

எங்கள் வளவில் அது இரண்டு மாதம் வெறும் குச்சி.
சோடாப் போத்தலைப் பாதியாய் வெட்டிக் கவிழ்த்தேன்.
"எறியுங்க" என்றாள் சயந்தினி.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
தோலுக்குக் கீழே மயிரளவு பச்சை.

நாலாம் வருடம் அவ வந்தா.
புது இணைப்புக்கு எந்தப் படிவம் என்று கேட்க.
கடப்படியில் நின்றபடி,
படிவத்தை மறந்து, சாடியைப் பார்த்தா.
"மனே, இது என்ட வீட்டுக் குரோட்டன் எல்லுவா?"
என் கையில் கத்தரி.
நிலுவை, கம்பம், எழுதின எண்,
எதிலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.
தேத்தண்ணி போட உள்ளே சொல்லிவிட்டுத் திரும்பினால்
நடுக்கிளையில் நுனி இல்லை.
ஒடித்த இடத்தில் பால் அப்போதுதான் திரளுது.
அவட கைப்பை மூடியிருந்தது.
"கேட்டு எடுத்தா வராது" என்றா,
என்னைப் பாராமல்.

போன கிழமை அந்த வீட்டுக்கு முறை.
பதினொரு யூனிற்.
பெட்டிக்குக் கீழே
வெட்டிக் கவிழ்த்த போத்தல்,
உள்ளே இலையில்லாத ஒரு குச்சி.
குனிந்தேன்.
சுரண்டிப் பார்க்க விரல் வந்தது.
நகத்தை மடக்கிக்கொண்டு
பதினொன்று என்று எழுதினேன்.